பந்தயப் புறாக்களுக்கான ஆறு அறை அடைப்பெட்டி: இரண்டு பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பந்தயப் புறாக்கள் வளர்க்கிறேன். 2024 ஆகஸ்டு முதல் வாரத்தில், ஹோமர் எனப்படும் பந்தயப் புறா இனத்தின் இனப்பெருக்கத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஆறு அறைகள் கொண்ட அடைப்பெட்டி ஒன்றை இணையம் வழியாக வாங்கினேன். பெட்டி, அதனுடன் வந்த ஆறு பிளாஸ்டிக் கிண்ணங்கள், கதவில் மாட்டும் தீனிக் குவளைகள், லாரி வாடகை எல்லாம் சேர்த்து 16,800 ரூபாய் ஆயிற்று. 2024, 2025 ஆகிய இரண்டு பருவங்களிலும் அதில் புறாக்களை அடைக்கு வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே அளவில், இதே அமைப்பில் பலரும் செய்து விற்கிறார்கள் என்பதால், பெயரைவிடப் பொருளைப் பற்றிய விவரமே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

புறா வளர்ப்புக்குப் புதியவர்கள், ஒரு பெட்டிக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கக்கூடும். பந்தயப் புறா தான் பிறந்து, முதன்முதலில் பறந்து பழகிய வீட்டுக்கே திரும்பும். எவ்வளவு விலை கொடுத்து நல்ல வம்சத்துப் பறவையை வாங்கி வந்தாலும், வளர்ந்த பறவையைத் திறந்துவிட்டால் அது பழைய சொந்தக்காரரின் மாடிக்குத்தான் போய் இறங்கும். ஆகையால் வாங்கிய பறவையை உள்ளேயே வைத்து, அதன் குஞ்சுகளைத்தான் நம் மாடியிலிருந்து பறக்கப் பழக்க வேண்டும். 2020 நவம்பரில் பெல்ஜியத்தில் ‘நியூ கிம்’ என்ற பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனதும் அது பறந்து வெல்லும் என்பதற்காக அல்ல, அதன் முட்டைகளுக்காகத்தான். நம் ஊரில் தொகைகள் மிகச் சிறியவை என்றாலும் கணக்கு அதுவேதான். ஆண்டு முழுவதும் செய்த செலவும் உழைப்பும் பலன் தருமா தராதா என்பது, அடைப்பெட்டிக்குள் கழியும் அந்த இரண்டரை மாதங்களில் முடிவாகிவிடுகிறது.

பெட்டி அட்டை கட்டி, பாகங்களாகப் பிரித்து வந்தது. திருகாணிகளை முடுக்கிச் சேர்க்க எனக்கும் என் மைத்துனருக்கும் ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. ஒவ்வோர் அறையும் 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 38 செ.மீ. உயரம். மேலே மூன்று, கீழே மூன்று. பின்பக்கம் முழுவதும் பலகையால் மூடப்பட்டிருக்கிறது. காற்று முன்பக்கக் கம்பிகளின் வழியாக மட்டுமே வரும். அறைக்குள் ஒரு நகரும் கம்பித் தடுப்பு, தரையில் எடுத்துக் கழுவக்கூடிய கம்பி வலை, அதன் கீழே எச்சம் விழும் தகரத் தட்டு ஆகியவை இருந்தன. பார்வைக்கு மிகவும் ஒழுங்காக இருந்தது. வெள்ளை வண்ணமும் சாம்பல் நிறக் கதவுகளுமாக அதை மாடியில் நிறுத்தியபோது, பல ஆண்டுகளாகப் பழப்பெட்டிகளில் அடை வைத்துவந்த எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நகரும் கம்பித் தடுப்பு மிகச் சிறந்த அமைப்பு. ஆணையும் பெண்ணையும் முன்பின் அறிமுகம் இல்லாமல் நேராக ஓர் அறைக்குள் விட்டால், சில ஆண்கள் பெண்ணின் தலையைக் கொத்திக் கொத்தித் தோலையே உரித்துவிடும். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு நாள் விட்டு வைத்தால், ஆண் கழுத்தை உப்பிக் குமுறுவதும் பெண் தலையசைப்பதும் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் தடுப்பை நீக்கினால் சண்டை இருக்காது. 2024 ஆகஸ்டு 18 அன்று ஆறு ஜோடிகளையும் ஒரே நாளில் சேர்த்தேன். ஆறில் ஐந்து ஜோடிகள் எந்தச் சேதமும் இல்லாமல் சேர்ந்துவிட்டன. எல்லா ஜோடிகளையும் ஒரே நாளில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குஞ்சு பொரிந்த முதல் நான்கைந்து நாட்களுக்குத் தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலைத்தான் ஊட்டும். அந்த நாட்களில் ஒரு குஞ்சு பெற்றோரை இழந்தால் நாம் என்ன கரைத்து ஊட்டினாலும் அதைப் பிழைக்க வைப்பது அரிது. அதே வயதுக் குஞ்சு உள்ள வேறொரு ஜோடியிடம் சேர்ப்பதே வழி. அதற்கு எல்லா அறைகளிலும் நாள் கணக்கு ஒன்றாக ஓட வேண்டும்.

தடுப்பை நீக்கிய பிறகுதான் தொல்லைகள் தொடங்கின. ஆறு கதவுகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். புறாவுக்கு நிறம் நன்றாகத் தெரியும். தன் அறையை இடத்தைக் கொண்டும் நிறத்தைக் கொண்டும் அடையாளம் வைத்துக்கொள்ளும். இங்கே அடையாளம் வைக்க ஒன்றுமே இல்லை. மேல்வரிசையின் நடு அறையைச் சேர்ந்த கறுப்புக் கோடு போட்ட ஆண், வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இடப்பக்கத்து அறையில் இறங்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆண் சும்மா இருக்குமா? இறக்கையால் அறைந்துகொள்ளும் ஓசை கீழ்த்தளத்தில் சமையலறை வரை கேட்கும். ஆகஸ்டு 30 காலையில் நான் மேலே போனபோது அந்த இடப்பக்க அறையின் கிண்ணத்தில் ஒரு முட்டை நசுங்கி, மஞ்சள் கரு கம்பி வலை வழியே தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு முட்டை மூலையில் குளிர்ந்து கிடந்தது. அந்த ஜோடி எனக்கு மிகவும் வேண்டியது. ஆண் புறா முந்தைய பருவத்தில் மழைத் தூறலிலும் திரும்பி வந்த பறவையின் உடன்பிறப்பு. அன்று மாலையே பழைய வண்ண டப்பாக்களைத் தேடி எடுத்து, கதவுச் சட்டங்களுக்கு மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றிப் பூசினேன். நாளுக்கு ஓர் அறையை மட்டும் திறந்து, அந்த ஜோடி தன் இடத்துக்குத் தானாகத் திரும்பக் கற்ற பிறகே அடுத்த அறையைத் திறந்தேன். ஒரு வாரத்தில் சண்டை அடங்கியது. வண்ணத்துக்கு எனக்குச் செலவே ஆகவில்லை. இதைத் தயாரிப்பவர்களே செய்து அனுப்பினால் எத்தனை முட்டைகள் தப்பும்!

அடுத்தது கிண்ணங்கள். பெட்டியுடன் வந்த பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பற்றி எனக்கு உள்ள வருத்தம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. எடையும் இல்லை, பறவை விளிம்பில் கால் வைத்து ஏறினால் கிண்ணம் சாய்ந்தது, கம்பியால் தரையோடு கட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. நான் கிண்ணத்துக்குள் தேங்காய் நார் வைத்தேன். அதைப் புறாக்கள் ஒதுக்கிவிட்டன. மெத்தென்ற நாரைவிட விறைப்பான குச்சிகளைத்தான் அவை விரும்பும் என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முட்டையிட்ட பதினெட்டாம் நாளில் குஞ்சுகள் வந்தன. காலில் அடையாள வளையம் போடுவதற்காக எட்டாம் நாள் கீழ்வரிசைக் குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்ததும் அதன் வலக்கால் உடலுக்கு அடியில் நிற்காமல், தவளையின் காலைப் போலப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போயிற்று. தூக்கி நிறுத்தினால் மார்பால் சரிந்து விழுந்தது. பிடிமானம் இல்லாத தரையில் நாள் முழுவதும் கால்கள் விலகி விலகி, இளம் எலும்பும் மூட்டும் அப்படியே படிந்துபோகும் குறை இது. தாயின் எடை வேறு மேலே அழுத்துகிறது. காயத்துக்கு ஒட்டும் துணிப்பட்டையால் இரண்டு கால்களையும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டி, மரத்தூள் நிரப்பிய ஆழமான மண்சட்டியில் வைத்து மீண்டும் தாயின் அடியில் விட்டேன். நாள்தோறும் காலையில் கட்டை அவிழ்த்துப் பார்த்து மாற்றிக் கட்டினேன். ஆறாம் நாள் அது இரண்டு கால்களையும் ஊன்றி நின்றபோது வந்த நிம்மதியை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அடுத்த அறையில் இன்னொரு குஞ்சுக்கு இதே குறை இருந்ததை நான் கவனிக்கும்போது அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. எலும்பு இறுகிவிட்டது. அது இன்றும் என் மாடியில்தான் இருக்கிறது. நன்றாகத் தின்கிறது, பறக்க முடியாது.

மறுநாளே வில்லியனூர் போனேன். அங்குள்ள சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் பலரும் அறிவார்கள். குதிரைகளும் பொம்மைகளும் வாங்கத்தான் பெரும்பாலும் ஆட்கள் போகிறார்கள். நான் ஒரு குயவர் வீட்டில், திண்ணையில் உட்கார்ந்து அகல்விளக்கு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், பிளாஸ்டிக் கிண்ணத்தையே காட்டி இதே அளவில் மண்ணில் வேண்டும் என்று கேட்டேன்.

“உள்பக்கம் வழவழன்னு தேய்க்க வேணாம்மா, குஞ்சு கால் வழுக்குது.”

“அப்போ தேய்க்காம விட்டுடறேன் தம்பி, விரல் வரி அப்படியே இருக்கட்டும். அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டுடவா? ஈரம் நிக்காது.”

அந்த ஓட்டையை நான் கேட்கவே இல்லை. அவர்களாகச் சொன்னது. ஒன்று 70 ரூபாய் வீதம் பன்னிரண்டு சட்டிகள், பத்து நாளில் சுட்டுக் கொடுத்தார்கள். வெளிவிட்டம் 23 செ.மீ., ஆழம் ஏழு செ.மீ., பறவை நின்றாலும் சாயாத கனம். உள்ளே வளையம் வளையமாக அவருடைய விரல் வரிகள் அப்படியே இருக்கின்றன. குஞ்சின் நகம் அதில் பற்றிக்கொள்கிறது. படுக்கைக்கு, கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளில் கொட்டிக்கிடக்கும் காய்ந்த சவுக்கு இலைகளைக் கொண்டுவந்து போடுகிறேன். ஆண் புறாக்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்துப்போய்ப் பெண்ணிடம் கொடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்தச் சட்டிகள் வந்த பிறகு, இரண்டாம் ஈற்றிலும் 2025 பருவம் முழுவதிலும் கால் விரிந்த குஞ்சு ஒன்றுகூட இல்லை. மண்சட்டிக்கும் குறை உண்டு. கை தவறினால் உடையும், நான்கு உடைந்துவிட்டன. நுண்துளைகளில் அழுக்கு சேரும் என்பதால் ஒவ்வோர் ஈற்றுக்குப் பிறகும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து மூன்று நாள் வெயிலில் வைக்க வேண்டும். அந்த வேலையை நான் மனமாரச் செய்கிறேன்.

இனி அறையின் அகலம். இந்தப் பெட்டியின் அடிப்படைத் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். வாங்கும்போது நானும் கவனிக்கவில்லை. விளம்பரப் படத்தில் ஓர் அறை, ஒரு கிண்ணம், இரண்டு குஞ்சுகள் என்று அழகாக இருந்தது. ஆனால் புறாவின் குடும்பம் அப்படி நடப்பதில்லை. குஞ்சுகளுக்குப் பதினைந்து, இருபது நாள் ஆகும்போதே பெண் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். ஆண் அதை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் துரத்தி, ‘போய் உட்கார், போய் உட்கார்’ என்பது போல விரட்டும். அப்போது பழைய குஞ்சுகள் முதல் சட்டியிலும், புதிய முட்டைகள் இரண்டாம் சட்டியிலும் இருக்க வேண்டும். 23 செ.மீ. சட்டிகள் இரண்டுக்கு 46 செ.மீ. வேண்டும்; அறையின் அகலமோ 45. தடுப்பு ஓடும் சட்டங்களைக் கழித்தால் 43 கூட இல்லை. ஆகவே இரண்டாம் சட்டிக்கு இடமே கிடையாது.

விளைவு என்னவென்றால், அக்டோபர் முதல் வாரத்தில் மூன்று பெண் புறாக்கள் வெறும் கம்பி வலையின்மேல் முட்டையிட்டன. புறா முதல் முட்டையைப் பெரும்பாலும் மாலை ஐந்து மணி வாக்கில் இடும். ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து, ஒரு நாள் இடைவிட்ட பிற்பகலில், இரண்டாவதை இடும். அந்த இடைவெளி முழுவதும் முதல் முட்டை கம்பியின்மேல் உருண்டுகொண்டிருந்தது. வளர்ந்த குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டு தாயின் வாயை நோக்கி ஓடும்போது அதை மிதித்துக்கொண்டே ஓடின. ஒன்று விரிசல் விட்டது. விரிசல் நூலிழை அளவே என்பதால் அதன்மேல் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் இருட்டில் கைப்பேசி விளக்கின்மேல் வைத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்திவலை போன்ற சிவப்பு நரம்புகள் தெரிந்தன, ஒன்பதாம் நாள் அவை மங்கி, கரு இறந்துவிட்டிருந்தது. மற்ற இரண்டு அறைகளைக் காப்பாற்ற, இருபத்திரண்டு நாளே ஆன குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கூண்டின் தரைக்கு இறக்கினேன். வழக்கமாக இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு நாளில் பிரிப்பதுதான் முறை. அந்தச் சில நாட்களில் தந்தைப் புறாதான் குஞ்சுகளுக்குத் தீனி எடுக்கக் கற்றுக்கொடுக்கிறது. நான் இறக்கிய நான்கில் இரண்டு தாமாகத் தண்ணீரே குடிக்கவில்லை. அலகைப் பிடித்துக் கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்துப் பழக்கினேன். அவற்றின் மார்பெலும்பு கையில் கத்தி போலத் தட்டுப்பட்டது. குறைந்தது 60 செ.மீ., முடிந்தால் 75 செ.மீ. அகலம் இல்லாத எந்த அறையையும் ஹோமர் ஜோடிக்கு உரியது என்று விற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பின்பக்கம் மூடியிருப்பதும் நம் ஊருக்குப் பொருந்தாத அமைப்பு. அடைகாப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் முறை உண்டு. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து உட்கார்ந்து பிற்பகல் வரை இருக்கும், மீதி நேரமெல்லாம் பெண். புதுச்சேரியின் செப்டம்பர் வெயிலில், ஒரு பக்கம் மட்டும் திறந்த அந்த அறைக்குள் நண்பகலில் ஆண் வாயைத் திறந்து தொண்டை துடிக்க மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. குளிர் நாட்டுக் காற்றைத் தடுக்கச் செய்த வடிவத்தை, கடற்காற்றுக்காக ஏங்கும் ஊரில் அப்படியே விற்கிறார்கள். துளையிடும் இயந்திரத்தால் ஒவ்வொரு பின்பலகையிலும் மேல்வரிசையாகப் பத்துத் துளைகள் போட்டு, பின்னால் கொசுவலை அடித்தேன். கொசுவலை அவசியம்; மழைக்காலத்தில் குஞ்சுகளுக்கு அம்மை வருவது கொசுவால்தான்.

கம்பி வலையும் தகரத் தட்டும் சுத்தத்துக்கு உதவும் என்று நினைத்தேன், ஓரளவு உதவின. ஆனால் பலகைகள் சேரும் இடங்களில் நூல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. புறா ஈ என்று ஒன்று உண்டு. தட்டையான உடல், சிறகுகளுக்குள் பக்கவாட்டில் ஓடி மறையும், இரத்தம் குடிக்கும், இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியை ஒரு பறவையிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும். அது கூட்டின் அடியில் சேரும் குப்பையிலும் இடுக்குகளிலும்தான் தன் கூட்டுப்புழுவை விடும். பார்க்கக் கருங்கடுகு போல இருக்கும். ஒருநாள் இடுக்கில் ஊசியை விட்டு நெம்பியபோது ஒரே இடத்திலிருந்து ஒன்பது விழுந்தன. வாரந்தோறும் குப்பையைக் கூட்டி எரித்தால் வெளியில் இருப்பவை ஒழியும், இடுக்கில் இருப்பவை ஒழியாது. கடைசியில் எல்லாச் சேர்க்கைகளையும் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தேன். உப்புக் காற்றில் கம்பி வலை எட்டே மாதத்தில் துருப்பிடித்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

தீனிக் குவளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் கம்பு, சோளம், மக்காச்சோளத்துடன் பச்சைப்பயறு, பட்டாணி, காராமணி ஆகியவற்றைச் சேர்த்து, பயறு வகை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தக் குறுகிய குவளையின் அடியில் தங்கும் பயறு இங்குள்ள ஈரப்பதத்தில் இரண்டே நாளில் புளித்த வாடை வீசுகிறது. பூசணம் பிடித்த தானியம் குஞ்சுக்கு நஞ்சு. அகலமான மரத் தொட்டியில் நாளுக்கு இரண்டு வேளை அளந்து போட்டு, மிச்சத்தை எடுத்துவிடுவதே நல்லது. தானியத்தோடு புறாக்கள் கொத்தித் தின்னும் ‘கிரிட்’ என்ற பொடிக்கல் கலவையையும் நானே செய்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து நண்பர் கொண்டுவந்து தரும் கிளிஞ்சலை வேகவைத்துக் காயவைத்து இடித்து, செங்கல் தூள், அடுப்புக்கரி, சிறிது உப்பு சேர்த்து வைக்கிறேன். முட்டையிடும் பெண்கள் தானியத்தை விட்டுவிட்டு முதலில் அதற்குத்தான் ஓடும்.

பலகையின் தரத்துக்கு வருகிறேன். ‘நீர் புகாத பலகை’ என்று விளம்பரத்தில் இருந்தது. உண்மையில் அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மட்டும் மெல்லிய பூச்சு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புறாக்களை முன்னதாகவே கூடைகளில் மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்திருந்தேன். பெட்டியை இறக்க முடியவில்லை. தார்ப்பாய் போர்த்திக் கட்டியிருந்தும், மறுநாள் முழுவதும் விடாமல் பெய்த மழையில் அடிப்பலகைகள் ஊறிவிட்டன. 12 மி.மீ. இருந்த பலகை ஓரங்களில் 18 மி.மீ. ஆக உப்பியது, திருகாணிகள் பிடிமானம் இழந்து கையாலேயே கழன்று வந்தன. அந்த மழையில் நனையாத வீடே குறைவு என்பதால் புயலை வைத்து மட்டும் ஒரு பொருளை மதிப்பிடுவது நியாயமில்லை. ஆனால் புயலுக்கு முன்பே, வெறும் குடிநீர்க் கிண்ணம் சிந்திய இடங்களில் பூச்சு கொப்பளித்து உரிந்திருந்ததை நான் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பியிருந்தேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது, ‘ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று. புறாக்கள் குடிக்காமலும் குளிக்காமலும் எச்சமிடாமலும் இருக்க முடியாதே. மாற்றுப் பலகை கேட்டதற்கு விலை சொன்னார்கள். அது முழுப் பெட்டியின் விலையில் பாதி.

கதவின் வாயும் சிறியது, 15 செ.மீ. மட்டுமே. குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு நாளுக்குள் மூடிய வளையம் போட வேண்டும். முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, பின்விரலைக் காலோடு படியவைத்து மேலே தள்ளி, பிறகு பின்விரலை மெதுவாக விடுவிக்க வேண்டும். நாள் தவறினால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. வளையம் இல்லாத பறவைக்குப் பந்தயத்தில் இடமில்லை. தாய் இறக்கையால் அறைந்துகொண்டிருக்க, அந்தச் சிறிய வாய் வழியாகக் குஞ்சைப் பிடித்த கையை வெளியே எடுப்பது ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்தும் வேலையாக இருந்தது.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் முதல் ஈற்றில் பன்னிரண்டு முட்டைகளுக்கு ஆறு குஞ்சுகளே நல்ல நிலையில் தனியாகத் தீனி எடுத்தன. இரண்டாம் ஈற்றில் ஐந்து. 2025இல் மாற்றங்களைச் செய்த பிறகு, அதே பெட்டியில் மூன்று ஜோடிகளை மட்டும் வைத்தேன். இரண்டு ஈற்றுகளுக்குப் பன்னிரண்டு முட்டைகள், பத்துக் குஞ்சுகள் பிழைத்தன. பறவைகள் அவையேதான், தீனியும் அதுவேதான்.

அந்த மாற்றங்களில் முக்கியமானது இடைச்சுவரை எடுத்ததுதான். மூன்று மூன்றாக இருந்த அறைகளை மறுபடி பிரித்து, நடு அறைகளை இரு பக்கத்துக்கும் பகிர்ந்து மேலே ஓர் ஒன்றரை அறை, இன்னோர் ஒன்றரை அறை என்றும், கீழே ஒரே அகன்ற அறை என்றும் ஆக்கினேன். ஆனால் ஆறு ஜோடிகளுக்கு என்று வாங்கிய பெட்டி மூன்று ஜோடிகளுக்கானது ஆகிவிட்டது. ஜோடிக்கு 2,800 ரூபாய் என்று நினைத்து வாங்கியது 5,600 ரூபாயில் முடிந்தது. மீதி மூன்று ஜோடிகளுக்கு, எங்கள் தெருத் தச்சரிடம் பழைய பேக்கிங் பெட்டிகளின் பைன் மரப் பலகையைக் கொடுத்து, 75 செ.மீ. அகலத்தில், பின்பக்கம் பாதி கம்பி வலையாக, மூன்று அறைகள் செய்யச் சொன்னேன். மரமும் கூலியும் சேர்த்து 7,200 ரூபாய், ஜோடிக்கு 2,400. நகரும் தடுப்பை மட்டும் இந்தப் பெட்டியில் உள்ளதைப் பார்த்து அப்படியே செய்து கொடுத்தார்.

ஆகவே, கடலூர், புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் ஹோமர் வளர்ப்பவர்கள் இந்தப் பெட்டியை இதே நிலையில் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே ஈற்று எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்பவர், பெட்டியை வீட்டுக்குள் ஈரம் படாத இடத்தில் வைக்க முடிந்தவர், வண்ணமும் மண்சட்டியும் தாமே மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர் வாங்கினால் ஓரளவு பயன்படும். தயாரிப்பாளர்கள் அந்த முன்கதவையும் நகரும் தடுப்பையும் தனியாக விற்க முன்வந்தால் நானே முதலில் வாங்குவேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இடைச்சுவரை எடுக்கும்போது, மேல்தளத்தின் நடுவில் ஓர் இரும்புக் கோணத்தை முதலில் முடுக்கிவிட்டுப் பிறகு சுவரைக் கழற்றுங்கள். நான் அவசரத்தில் முன்னதாகக் கழற்றியதால் மேல்பலகை நடுவில் இரண்டு விரற்கடை தொங்கிவிட்டது, இப்போது அதற்கு ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.